மூன்று இடத்தில் மூன்று எண்: வீட்டில் பார்க்கும் சீனி அளவில் எதை நம்புவது?

வெள்ளவத்தை_கடற்கரை:

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது, சீனி வருத்தம் தொடங்கி 11 வருசம். மெட்ஃபோமின் 500 காலை இரண்டு, இரவு இரண்டு. கிளிக்கிளசைட் 80 காலை ஒன்று, இரவு ஒன்று. இன்சுலின் இல்லை.

சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் லாப் ஆள் வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்தார். ரிப்போட்டில் 162. அதே நேரம் விரலில் குத்தி எங்கள் மீற்றரில் பார்த்தது 178. லண்டனிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து தந்த மீற்றரில் 9.4. காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு லாப்பில் 188, எங்கள் மீற்றரில் 219.

இதில் எது சரி? அடுத்தது, இரவு படுக்கும்போது 140, பிறகு ஒன்றும் சாப்பிடாமலே காலையில் 170 காட்டுகிறது. எப்படி ஏறுகிறது? கடைசியாக, ஒரு நாளைக்கு எத்தனை தரம் பார்க்கவேண்டும்? விரல் நுனி எல்லாம் துளை. ஸ்ட்ரிப் விற்கும் விலையும் தெரியும்தானே.

லாப்_சாம்பல்மூடி:

முதலில் அந்த 9.4ஐ முடிப்போம். பிரித்தானியாவில் சீனியை லீற்றருக்கு இத்தனை மில்லிமோல் என்று சொல்வார்கள், நாங்கள் டெசிலீற்றருக்கு (100 மில்லிலீற்றர்) இத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். 18ஆல் பெருக்கினால் 169. ஆக, உங்களிடம் இருப்பது 162, 169, 178. இவை ஒன்றோடொன்று முரண்படவே இல்லை.

வீட்டு மீற்றர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தரம் உண்டு, 2013 பதிப்பு. 100க்கு மேலுள்ள அளவுகளில் 15 சதவீதம் கூடலாம், குறையலாம். 100க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராம். நூறு தரம் பார்த்தால் 95 தரமாவது இந்த எல்லைக்குள் நிற்கவேண்டும். 162இன் 15 சதவீதம் 24. அப்படியென்றால் 138இலிருந்து 186 வரை எது வந்தாலும் மீற்றர் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். ஒரே விரலில் அடுத்தடுத்து இரண்டு தரம் குத்தி 171, 183 என்று வந்தால் மீற்றரைத் தூக்கி எறியவேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு வந்த 188க்கும் 219க்கும் இடையிலுள்ள இடைவெளி வேறு கதை. சாப்பாட்டிலிருந்து வந்த சீனி நாடி வழியாக வந்து மயிர்க்குழாய்களில் ஓடும்போதுதான் விரல் நுனியில் குத்துகிறோம். லாப்பில் இரத்தம் எடுப்பது கையின் நாளத்திலிருந்து. அங்கே வந்து சேருமுன் தசைகள் தங்கள் பங்கை எடுத்துவிடும். வெறும் வயிற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சாப்பிட்ட பிறகு விரலில் 20, 30 கூடத் தெரிவது இயல்பு. ஆகவே மீற்றரை லாப்போடு ஒப்பிட விரும்பினால் வெறும் வயிற்றில் மட்டும் ஒப்பிடுங்கள்.

இனி யாரும் கேட்காத பக்கம். லாப் எண் எப்போதும் சரி என்று எடுக்கக்கூடாது. குழாயில் எடுத்த இரத்தத்தில் உயிரணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 சதவீதம் வரை இறங்கும். அதனால்தான் சீனிக்கென்று சாம்பல் நிற மூடி போட்ட, புளோரைட் கலந்த குழாய் இருக்கிறது. புளோரைட்டும் உடனே நிறுத்துவதில்லை, முழுதாகப் பிடிக்க ஒன்றிரண்டு மணித்தியாலம் செல்லும். வீட்டுக்கு வந்து எடுப்பவர் உங்கள் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு காலி வீதி நெரிசலில் இன்னும் நாலு வீட்டுக்குப் போவார். அசல் அளவு 178 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் குழாயில் இரண்டு மணித்தியாலம் கிடந்தால் அது 157 போல வந்து நிற்கும். உங்கள் விசயத்தில் பிழைவிட்டது மீற்றராகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை. எந்த நிற மூடி, எத்தனை மணிக்கு லாப்பில் சேர்ந்தது என்று அடுத்த முறை கேளுங்கள்.

சரியாக ஒப்பிடும் முறை: லாப்புக்கே வெறும் வயிற்றில் போங்கள். நாளத்தில் இரத்தம் எடுத்து ஐந்து நிமிடத்துக்குள், கழுவிக் காய்ந்த விரலில் உங்கள் மீற்றரில் பாருங்கள். இரண்டு வெவ்வேறு நாளில் 15 சதவீதத்துக்கு மேல், அதுவும் ஒரே பக்கமாக விலகினால் ஸ்ட்ரிப் போத்தலை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் மீற்றரை மாற்றலாம்.

அப்பாவின் ஹீமோகுளோபினையும் பாருங்கள். இரத்தச்சோகை இருந்தால் மீற்றர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். செந்நிற அணுக்களின் பங்கு கூடினால் குறைத்துக் காட்டும். டெங்குவில் பி.சி.வி. (அந்தச் செந்நிற அணுக்களின் பங்கு) ஏறி நிற்கும் ஆளுக்கு வீட்டு மீற்றரை வைத்து முடிவெடுக்கவே கூடாது. இரும்புச்சத்துக் குறைவு, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யையும் பொய்யாக உயர்த்தும் என்பதை மறக்கவேண்டாம்.

கிளினிக்_நேர்ஸ்:

விரல் நுனி எல்லாம் துளை என்றால் குத்தும் இடம் பிழை. நுனியின் நடுவில், நாங்கள் பொருளைத் தொட்டுப் பார்க்கும் அந்தச் சதையில் குத்தக்கூடாது, நரம்பு அதிகம். நகத்துக்குப் பக்கமாக, விரலின் ஓரத்தில் குத்துங்கோ. பெருவிரலையும் சுட்டுவிரலையும் விட்டுவிட்டு மற்ற மூன்று விரல், இரண்டு கை, ஒவ்வொன்றிலும் இரண்டு ஓரம். 12 இடம் கிடைக்கும். சுற்றிச் சுற்றி வாங்கோ.

பேனா மாதிரி இருக்கும் குத்தியில் ஆழ எண் இருக்கும். 2இல் தொடங்குங்கோ, துளி வராவிட்டால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கோ. எடுத்த எடுப்பிலேயே 5இல் வைத்துக் குத்துவதால்தான் பலருக்கு நோகிறது. ஊசி ஒரு தரத்துக்குத்தான். அதையே ஒரு கிழமை வைத்துக் குத்தினால் முனை மழுங்கி, பிறகு தோலைக் கிழிக்கும். வீட்டில் இன்னொருவருக்கும் பார்ப்பதென்றால் ஊசியை மாத்திரம் மாற்றினால் போதாது, குத்தியும் வேறு இருக்கவேண்டும். ஹெப்பற்றைற்றிஸ் பி இப்படித்தான் தொற்றும்.

இனிக் கை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு உடனே குத்துவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஸ்பிரிட் காயாமல் துளியோடு கலந்தால் அளவு கெடும். அதைவிட, விரலில் ஒட்டிய சீனியை அது ஒழுங்காக எடுக்காது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் தோல் சீவிய கையால், துடைத்தாலும், பார்த்தீர்கள் என்றால் 130 உள்ள ஆளுக்கு 250ம் காட்டும். இரத்தத்தில் அல்ல, விரலில் இருக்கிற மாம்பழத்தைத்தான் மீற்றர் எண்ணுகிறது. தேத்தண்ணிக்குச் சீனி போட்ட கரண்டியைத் தொட்ட கையும் இப்படித்தான். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவையுங்கோ. ஈரம் மிஞ்சினால் துளி நீர்த்துப்போய் அளவு குறையும்.

துளி வரவில்லை என்று விரல் நுனியைப் பிதுக்கவேண்டாம், திசு நீரும் சேர்ந்து வரும். கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஆட்டுங்கோ, பிறகு உள்ளங்கையிலிருந்து விரல் பக்கமாக மெதுவாகத் தடவிவிடுங்கோ. அறையில் ஏ.சி. போட்டுக் கை குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினாலே போதும்.

துளியை ஸ்ட்ரிப்பின் மேல் ஊற்றும் பழக்கம் பழைய மீற்றர்களோடு போய்விட்டது. இப்போது உள்ளவற்றில் ஸ்ட்ரிப்பின் முனையைத் துளியில் தொட்டால் அதுவே உறிஞ்சும். உறிஞ்சியது போதவில்லை என்று மேலே இன்னொரு துளி வைக்கவேண்டாம். புது ஸ்ட்ரிப்தான்.

வெள்ளவத்தை_கடற்கரை:

நன்றி. முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதைத்தான் எடுக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

கிளினிக்_நேர்ஸ்:

கை கழுவிக் காய்ந்திருந்தால் முதல் துளியே போதும். கழுவ வழியில்லாத இடத்தில், பஸ்ஸிலோ வேலைத்தலத்திலோ என்றால், முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கோ.

பாமசி_கொட்டாஞ்சேனை:

ஸ்ட்ரிப் பற்றி நான் சொல்கிறேன். கொழும்புக் காற்றில் இருக்கும் ஈரம்தான் ஸ்ட்ரிப்பின் முதல் எதிரி. அதன் முனையில் இருப்பது நொதியம். போத்தலின் மூடியிலோ சுவரிலோ ஈரம் உறிஞ்சும் மருந்து இருக்கிறது, அதனால்தான் அந்த மூடி அவ்வளவு இறுக்கம். ஒன்றை எடுத்த கையோடு மூடுங்கள். நாலைந்தை எடுத்து டிசுவில் சுற்றிப் பையில் கொண்டுதிரிந்தால் அவை போனவைதான். பிரிட்ஜுக்குள்ளும் வைக்கவேண்டாம். வெளியே எடுக்கும்போது வியர்த்து, அந்த ஈரம் உள்ளே போகும். அடுப்படியும் வெயிலில் நிற்கும் வாகனமும் ஆகாது. பெரும்பாலான போத்தல்களில் 30 பாகைக்குக் கீழ் என்று எழுதியிருக்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான ஒரு அலுமாரித் தட்டு போதும்.

பெட்டியில் அச்சடித்த காலாவதித் திகதி திறக்காத போத்தலுக்கு. திறந்த பிறகு சிலவற்றுக்கு 3 மாதம், சிலவற்றுக்கு 6 மாதம், பிராண்டைப் பொறுத்தது. போத்தலிலேயே எழுதியிருக்கும். திறந்த திகதியைப் பேனாவால் எழுதிவையுங்கள். 50 ஸ்ட்ரிப் வாங்கும்போது 25, 25 ஆக இரண்டு போத்தலில் வருவதாகப் பார்த்து வாங்குங்கள், ஒன்றை முடிக்கும்வரை மற்றது திறக்காமல் இருக்கும்.

சித்தப்பாவின் மீற்றரைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே விற்கும் பல மீற்றர்களில் அலகு மில்லிமோலில் பூட்டியிருக்கும், மாற்ற முடியாது. 7.8ஐ 78 என்று வாசித்து, சீனி குறைந்துவிட்டது என்று பயந்து சீனித் தண்ணி கொடுத்த வீடுகள் உண்டு. 7.8 என்பது 140. அந்த மீற்றருக்கான ஸ்ட்ரிப் இங்கே கிடைக்காமலும் போகலாம். ஒரு மீற்றரின் ஸ்ட்ரிப்பை மற்றதில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். கொண்டுவந்த ஸ்ட்ரிப் முடிந்ததும் அதை ஓரமாக வையுங்கள். ஒரே மீற்றரில் தொடர்ந்து பார்த்தால்தான் ஏற்ற இறக்கம் புரியும். இங்கே வாங்குவதென்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிந்த மீற்றரா என்று கேட்டு, ஸ்ட்ரிப் தொடர்ந்து கிடைக்குமா என்றும் கேளுங்கள். மீற்றர் மலிவாக இருக்கும், காசு போவது ஸ்ட்ரிப்புக்குத்தான்.

பழைய மீற்றர் என்றால் போத்தலோடு வரும் சிப்பையோ கோட் எண்ணையோ ஒவ்வொரு புதுப் போத்தலுக்கும் மாற்றவேண்டும். மாற்ற மறந்தால் மீற்றர் பிழை என்று சொல்லாது, பிழையான எண்ணைச் சொல்லும்.

வாட்_ரவுண்ட்:

மேலே மூவரும் எண் எப்படிப் பிழைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். இனி அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.

அப்பாவுக்கு எத்தனை தரம் என்பதை மருந்துதான் தீர்மானிக்கும். மெட்ஃபோமின் மட்டும் போடுபவருக்குச் சீனி ஆபத்தாகக் குறைவது அரிது. அவர் நாள்தோறும் குத்திக்கொள்ளத் தேவையில்லை. கிளிக்கிளசைட் அப்படியல்ல. சாப்பாடு பிந்தினாலும் குறைந்தாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

தினமும் காலையில் ஒரு தரம் பார்த்துக் கொப்பியில் எழுதுவது பழக்கமாகிவிட்டது, ஆனால் அது அதிகம் சொல்வதில்லை. 30 நாளும் 165, 170, 168. டொக்டருக்கு அதில் தெரிவது ஒன்றே ஒன்று. அந்த ஸ்ட்ரிப்களைச் சோடி சோடியாகச் செலவழியுங்கள். திங்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன், பின். புதன் மதியச் சாப்பாட்டுக்கு முன், பின். வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு முன், பின். ஞாயிறு எழும்பியதும் ஒன்று. கிழமைக்கு 7 ஸ்ட்ரிப், 50 பெட்டி ஏழு கிழமைக்கு வரும். "பின்" என்றால் முதல் கவளம் வாய்க்குள் போனதிலிருந்து இரண்டு மணித்தியாலம். சாப்பிட்டு முடித்ததிலிருந்து அல்ல. இதில்தான் எல்லோரும் அரை மணித்தியாலம் பிந்துகிறார்கள்.

பொதுவான இலக்கு: சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின் 180க்குக் கீழ். வயதும் மற்ற வருத்தங்களும் பார்த்து டொக்டர் இதைத் தளர்த்தலாம். கர்ப்பிணிகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அவர்களுக்கு வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், ஒரு மணித்தியாலத்தில் 140க்குக் கீழ், இரண்டில் 120க்குக் கீழ்.

சோடியில் பார்க்கவேண்டியது இடைவெளியை. முன் 150, பின் 185 என்றால் அந்தச் சாப்பாட்டில் பெரிய பிழை இல்லை, தொடக்கமே உயரத்தில் இருக்கிறது. முன் 120, பின் 215 என்றால் தட்டில் விசயம் இருக்கிறது. அப்போது அளவை மாற்றிப் பாருங்கள். அவித்த சோறு மூன்றிலொரு கப்பில் 15 கிராம் மாச்சத்து. ஒரு கிழமை மூன்று கப் சோறு, அடுத்த கிழமை ஒன்றரைக் கப்போடு பருப்பும் மரக்கறியும் கூட, அதே நாள், அதே நேரம் அளந்து பாருங்கள். இடியப்பம், பாண், புட்டு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு சோடி ஓடினால் இரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்கென்று ஒரு அட்டவணை கையில் இருக்கும். குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கையையும் அந்த அட்டவணையே தீர்த்துவைக்கும்.

காலை ஏற்றத்துக்கு வருவோம். விடியப்புறம் 3 மணிக்குப் பிறகு கோர்ட்டிசோலும் வளர்ச்சி ஓமோனும் கூடும். ஈரல் சேர்த்துவைத்த சீனியை வெளியே விடும். இன்சுலின் போதாதவருக்கு அது ஏறி நிற்கும், இரவில் ஒன்றும் சாப்பிடாவிட்டாலும். ஆனால் அப்படியே முடிவு கட்டவேண்டாம். இரண்டு இரவு, படுக்குமுன், 3 மணிக்கு, எழும்பியதும் என்று மூன்று தரம் பார்த்து இங்கே எழுதுங்கள். எழும்பியதும் என்றால் தேத்தண்ணி குடிக்குமுன்.

வெள்ளவத்தை_கடற்கரை:

பார்த்தோம். செவ்வாய் இரவு: 10 மணிக்கு 142, 3 மணிக்கு 131, காலை 6க்கு 168. வியாழன்: பின்னேரம் மரைன் டிரைவில் வழமையைவிடக் கூட நடந்தார், இரவு இரண்டு துண்டு பாண் மட்டும். 10 மணிக்கு 118, 3 மணிக்கு 68, காலை 6க்கு 121. 3 மணிக்கு எழுப்பும்போது பெனியன் நனைந்திருந்தது, ஆனால் தனக்கு ஒன்றுமில்லை என்றார். சீனித் தண்ணி கொடுத்தோம்.

வாட்_ரவுண்ட்:

சீனித் தண்ணி கொடுத்தது சரி. 70க்குக் கீழே என்றால் அது குறைவுதான், ஆள் ஒன்றுமில்லை என்று சொன்னாலும். பிரசருக்கு அல்லது நெஞ்சுக்கு பிரோப்பிரனோலோல், அற்றெனோலோல் மாதிரி ஏதும் போடுகிறாரா? அவை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். நனைந்த பெனியன்தான் அங்கே எச்சரிக்கை மணி.

இரண்டு இரவும் இரண்டு வேறு விசயம். செவ்வாய் விடியப்புற ஏற்றம். வியாழன் கிளிக்கிளசைட்டுக்கு ஈடாகச் சாப்பாடு இல்லை. காலை 168ஐ மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தால் இரவுக் குளிசையைக் கூட்ட வாய்ப்பு இருந்தது. கூட்டினால் அடுத்த வியாழன் 3 மணிக்கு 68க்குப் பதில் 45ஆகக்கூட இருந்திருக்கலாம். இந்த இரண்டு வரியையும் கிளினிக் கொப்பியில் எழுதி, அடுத்த திகதிவரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே டொக்டரிடம் காட்டுங்கள். நீங்களாகவே குளிசையை நிறுத்தவேண்டாம். அதுவரை இரவுச் சாப்பாட்டைக் குறைக்கவும் வேண்டாம். கூட நடந்த நாளில் படுக்குமுன் கட்டாயம் பாருங்கள், 3 மணிக்கும் பாருங்கள். சிறுநீரகத்துக்கான கிரியற்றினின் கடைசியாக எப்போது பார்த்தது என்றும் தேடிவையுங்கள், சிறுநீரகம் தளர்ந்தால் சீனி குறையும் ஆபத்தும் கூடும்.

கிளினிக்_நேர்ஸ்:

அடுத்த தரத்துக்கு அளவோடு: மூன்று தேக்கரண்டி நிரம்பச் சீனி, அல்லது 15 கிராம் குளுக்கோஸ் தூள், அரைக் கிளாஸ் தண்ணியில். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கோ, இன்னும் 70க்குக் கீழே என்றால் அதே அளவு இன்னொரு தரம். ஏறிய பிறகு பாணோ பிஸ்கட்டோ கொடுங்கோ, இல்லாவிட்டால் கிளிக்கிளசைட் திரும்பக் கீழே இழுத்துவிடும். முதலில் சொக்லேட், பால் தேத்தண்ணி வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். அக்கார்போஸ் என்ற சீனிக் குளிசை போடுபவர் என்றால் சாதாரணச் சீனி பலனில்லை, குளுக்கோஸ்தான் வேண்டும். திரும்பத் திரும்ப இறங்கினால் வீட்டில் வைத்திருக்கவேண்டாம், ஆஸ்பத்திரி. மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.

வெள்ளவத்தை_கடற்கரை:

அற்றெனோலோல் 50 போடுகிறார், இப்போதுதான் பெட்டியைப் பார்த்தேன். நாளைக்கே டொக்டரிடம் நேரம் எடுத்தாயிற்று. மீற்றரையும் கொண்டுபோகவா, கொப்பி போதுமா?

பாமசி_கொட்டாஞ்சேனை:

இரண்டையும். போகுமுன் மீற்றரில் திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பற்றரி மாற்றினால் பல மீற்றர்களில் அது பழையபடி தொடக்கத்துக்குப் போய்விடும். 3 மணி 68 பகல் 3 மணியாகத் தெரிந்தால் டொக்டர் வேறு மாதிரித்தான் யோசிப்பார்.